கூட்டணிச் சோறு

வேகாமல் இருந்தால் அரிசி, வெந்தால் சோறு. முப்பது வயது வரைக்கும் இந்த விஷயத்தில் எனக்கு இருந்த ஞானம் மொத்தமும் இவ்வளவுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றே நினைத்திருந்தேன். தட்டில் விழுவதைச் சாப்பிடுகிறவனுக்கு அது எப்படி வெந்தது என்று தெரிய வேண்டிய அவசியம் என்ன? (இந்தக் கேள்வியை இப்போது என் வீட்டில் சத்தமாகக் கேட்டால், அன்றைக்குத் தட்டில் ஒன்றும் விழாது.)

இப்படிப்பட்ட நான்தான் எட்டு வருடத்துக்கு முன்னால் இருபத்தைந்து முதியவர்களை எங்கள் தெருவுக்கு வரவழைத்து, என் கையாலேயே சோறு பொங்கிப் போட்டேன்.

அப்போது நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போடுகிற வேலை. தரைச்சக்கரத்துக்குப் பக்கத்தில் சிரிக்கிற குழந்தை ஒன்றை ஒட்டுவேன். குழந்தை மட்டும் எடுப்பாக இல்லை என்று கம்பெனிக்காரர் சொன்னால், அதன் பக்கத்தில் ஒரு புலியை ஒட்டுவேன். தீபாவளி சீசன் முடிந்து அச்சகம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், வெம்பக்கோட்டை ரோட்டில் முதியோர் இல்லம் நடத்துகிற ஒரு அம்மா நோட்டீஸ் அடிக்க வந்தார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். ‘இல்லத்துக்கு அரிசி, பருப்பு தந்து உதவுங்கள்’ என்று கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

நான் அதைப் படித்துவிட்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி சிரித்தேன். அந்த நாட்களில் முன்னேறுவது எப்படி என்று போனில் நிறைய வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நோட்டீஸ் அடிச்சா யாரும் குடுக்க மாட்டாக டீச்சர். பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும். குடுக்கணும்கிற எண்ணத்த நாமதான் தூண்டி விடணும். அதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு.”

“என்ன டெக்னிக் தம்பி?”

எனக்குத் தெரியாது. “ஒரு மாசம் டயம் குடுங்க. எங்க தெருவ வச்சே செஞ்சு காட்டுறேன்” என்றேன்.

டீச்சர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “நல்லது. அதுவரைக்கும் நோட்டீஸும் ஒரு ஐந்நூறு அடிச்சு வச்சிருங்க” என்றார். (உலகம் தெரிந்தவர்.)

வீட்டுக்குப் போகிற வழியில் எனக்குப் பிடி அரிசி ஞாபகம் வந்தது. சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாகப் போட்டு வைத்து, சேர்ந்ததும் கோயிலுக்கோ இல்லாதவர்களுக்கோ கொடுக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதைத் தூசி தட்டி எடுத்து நவீனமாக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். தெருவில் முப்பது வீடு. முப்பது பிளாஸ்டிக் டப்பா வாங்கி, ‘தினம் ஒரு பிடி, திகட்டாத புண்ணியம்’ என்று நாலு கலரில் லேபிள் அடித்து ஒட்டினேன். அதிலும் ஒரு குழந்தை சிரித்தது. புலி மட்டும் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை வசூலுக்குப் போனேன். முப்பது வீட்டு அரிசியும் சேர்ந்து ஒரு வாளி நிறையவில்லை. நாலைந்து வீடுகளில் டப்பாவில் உளுந்து போட்டு, ஸ்டவ் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தார்கள். மூடி நன்றாக இறுகுகிறதாம்.

சரி, போட்டி வைத்தால்தான் ஆகும் என்று தெருமுனையில் ‘கருணைப் பலகை’ என்று ஒரு பிளெக்ஸ் கட்டினேன். எந்த வீடு எத்தனை கிலோ கொடுத்தது என்று வாராவாரம் அதில் எழுதுவேன். முதல் பரிசாக ஒரு பட்டாசுப் பெட்டி அறிவித்தேன். சிவகாசிக்காரனுக்குப் பட்டாசைப் பரிசளிப்பது திருப்பாச்சேத்திக்காரனுக்கு அரிவாளைப் பரிசளிப்பது மாதிரி. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. முதலிடம் பிடிக்கும் குடும்பத்தின் போட்டோவை, ‘கருணைக் குடும்பம்’ என்று தலைப்புப் போட்டு, அடுத்த வருடக் காலண்டரில் அச்சடித்துத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுப்பேன் என்று அறிவித்தேன்.

ஆகாதவன் வீட்டுச் சுவரில் வருடம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும் வாய்ப்பை யார் விடுவார்கள்? தெரு விழித்துக்கொண்டது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பாக்கியத்தக்கா ஒரு வாரம் முதலிடம் பிடித்தால், அவர் எதிர்வீட்டு டெய்லர் சங்கரலிங்கம் அண்ணாச்சி மறுவாரம் அதைப் பிடுங்கிக்கொள்வார். பிடி படியானது, படி பையானது. நான் தராசைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். எடைதான் கணக்கு. என்ன அரிசி என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் மனைவி மாரீஸ்வரி அதுவரை இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது ஞாயிறு நான் வசூலைச் சாக்கில் கொட்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“எல்லாத்தையும் ஒரே சாக்குல கொட்டாதீக. தனித்தனியா வைங்க.”

“ஏன்?”

“பச்சரிசி இருக்கு, புழுங்கல் இருக்கு, இட்லி அரிசி இருக்கு. எல்லாம் ஒண்ணா?”

நான் எழுந்து நின்றேன். (உட்கார்ந்துகொண்டு சொல்கிற பதிலா அது.) “மாரி, தானத்துல ஏது ஏத்தத்தாழ்வு? ரேசன் அரிசி குடுத்தவன் மட்டம், பிரியாணி அரிசி குடுத்தவன் ஒசத்தியா? இந்தச் சாக்குக்குள்ள எல்லாரும் சமம்.”

“மனுசன் சமந்தான். அரிசி சமம் இல்ல.”

அந்தப் பதிலைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தையும் கொட்டினேன்.

நாலாவது ஞாயிறு இரண்டு சாக்கு நிறைந்தது. அதை ஒரு ஆட்டோவில் ஏற்றி இல்லத்தில் இறக்கியிருந்தால் எனக்கு இன்றைக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் சத்தமில்லாமல் கொடுத்தால் யார் பார்ப்பார்கள்? டீச்சருக்குப் போன் போட்டு, இல்லத்தில் இருக்கிற எல்லோரையும் அடுத்த ஞாயிறு எங்கள் தெருவுக்கு விருந்துக்கு அழைத்தேன்.

“அப்ப அன்னைக்கு இங்கன அடுப்பு பத்த வைக்க வேண்டாமா?” என்று டீச்சர் கேட்டார்.

“தீக்குச்சியே எடுக்காதீக டீச்சர்” என்றேன்.

அந்த ஞாயிறு காலை, தெருமுனையில் அம்மன் கோயில் முன்னால் பந்தல் போட்டாயிற்று. சமையலுக்குக் குருசாமி மாஸ்டரை வைத்திருந்தேன். சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் பாதி அவர் கைச் சமையல்தான். காலையிலேயே வந்து, சாம்பாருக்குக் காய் நறுக்கச் சொல்லிவிட்டு, அரிசியைப் பார்க்கலாம் என்று சாக்குக்குள் கையை விட்டார்.

விட்ட கையை அவர் உடனே எடுக்கவில்லை. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பது போல உள்ளேயே துழாவினார். பிறகு ஒரு முறம் அரிசியை அள்ளி வெயிலில் பரப்பினார். வெள்ளையாகக் கொஞ்சம், பழுப்பாகக் கொஞ்சம், குண்டாகக் கொஞ்சம், ஊசி மாதிரி கொஞ்சம். நடுநடுவே மஞ்சளாக வேறு மின்னியது. அது ஏதோ கல்யாணத்தில் மீந்த அட்சதை. வண்டு வராமல் இருக்கப் போட்ட மிளகாய் வற்றல் நாலு, காய்ந்த வேப்பிலை ஒரு கைப்பிடி, ஒரு கொண்டை ஊசி. கடைசியாக விரல் நகம் அளவுக்கு ஒரு சின்னத் தகடு.

“இது என்ன தம்பி?”

வாங்கிப் பார்த்தேன். போனில் சிம் கார்டு வைக்கிற தட்டு. யாரோ தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைத்துக் காயவைத்துவிட்டு, போனை மட்டும் எடுத்துக்கொண்டு அரிசியைப் புண்ணியத்தில் போட்டிருந்தார்கள்.

குருசாமி மாஸ்டர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “சாம்பார் வைக்கேன், கூட்டு வைக்கேன், பாயாசம் வைக்கேன். சோத்துக்கு மட்டும் என்னைய விட்டுருங்க. நாளைக்கு யாராவது கேட்டா என் பேரு வரக்கூடாது.”

“அரிசிதான மாஸ்டர்? வெந்தா சோறு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது.

அப்போதாவது கடையில் போய் ஒரு மூட்டை நல்ல அரிசி வாங்கியிருக்கலாம். ஆனால் தெரு கொடுத்த அரிசியில் தெரு போடுகிற விருந்து என்று கோயில் மைக்கில் ஏற்கெனவே இரண்டு தரம் சொல்லியிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே அடுப்படிக்குப் போனேன். வேப்பிலையையும் மிளகாயையும் பொறுக்கி எறிந்துவிட்டு நாலு தண்ணீர் விட்டுக் கழுவினேன். எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று மாஸ்டரிடம் கேட்கத் தன்மானம் தடுத்ததால் போனில் வீடியோ பார்த்தேன். அதில் ஒரு பெண், ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் என்றார். என் முன்னால் இருந்தது அண்டா.

“நான் பாக்கட்டா?” என்று மாரீஸ்வரி வந்தாள்.

“நீ இலையப் பாரு” என்றேன்.

அரைமணி நேரத்தில் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தேன். பச்சரிசி கரைந்து கஞ்சியாகிவிட்டது. பிரியாணி அரிசி உடைந்து ரவையாகக் கிடந்தது. இட்லி அரிசியோ இப்போதுதான் குளிக்க இறங்கியது போலத் தெம்பாக இருந்தது. அது வேகட்டும் என்று இன்னும் தண்ணீர் ஊற்றினேன். கஞ்சி பசையானது. பசை அடிப்பிடித்தது. மஞ்சள் சாயம் இறங்கி அங்கங்கே திட்டுத் திட்டாகப் படர்ந்தது. லேபிள் அச்சில் கலர் விலகினால் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். அண்டாவை என்ன செய்வது?

பன்னிரண்டரைக்கு வேன் வந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கிப் பந்தலில் உட்கார வைத்தோம். தெருவே திரண்டு வந்து சுற்றி நின்றது. இலை போட்டாயிற்று. மாஸ்டரின் கூட்டும் அப்பளமும் பார்க்கவே அழகாக இருந்தன. நான் அகப்பையால் வெட்டி எடுத்து ஆளுக்கு ஒரு துண்டு சோறு வைத்தேன். (அள்ளி வைத்தேன் என்று எழுதத்தான் ஆசை.) அது வெளியே தெரியாதபடி தாராளமாகச் சாம்பார் ஊற்றினேன்.

முதல் வரிசையில் சீனிச்சாமி என்று ஒரு பெரியவர். அந்தக் காலத்தில் பட்டாசு லோடு லாரி ஓட்டியவராம். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றார். பந்தலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி ‘கடக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மா தன் பல்செட்டைக் கழற்றி, முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார்.

சீனிச்சாமி நிதானமாக விழுங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இது சோறா, கூட்டணியா?”

“என்னங்கய்யா?”

“ஒருத்தனும் ஒருத்தனோட சேரலையே. ஒருத்தன் கொழையுறான், ஒருத்தன் மொறைக்கிறான். நடுவுல ஒருத்தன் மஞ்சத் துண்டு போட்டு உக்காந்திருக்கான்.”

முதலில் சிரித்தது குருசாமி மாஸ்டர். அப்புறம் பந்தல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை, ஏனென்றால் டீச்சர் சிரிக்காமல் என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

“பாதிப் பேரு சுகர் மாத்திரை போட்டாச்சு தம்பி. இனிமே சாப்பாடு தள்ளிப் போகக்கூடாது. அங்கனயும் அடுப்பு பத்த வைக்கல” என்று மெதுவாகச் சொன்னார்.

இருபத்தைந்து பேர் இலைக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லாமல் சாப்பிடுவது அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. ஹோட்டலுக்கு ஓடலாம் என்று வேட்டியை இறக்கிவிட்டுப் பைக் சாவியைத் தேடினேன். சாவி எந்தப் பையில் என்று தெரியவில்லை. சட்டையைப் போட்டிருக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சுற்றி நின்ற தெருக்காரர்கள் இலையில் கிடந்த சோற்றைக் கூர்ந்து பார்த்தார்கள். அவரவர் வீட்டு அரிசியை அவரவருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது.

மாரீஸ்வரிதான் பாக்கியத்தக்காவிடம் போனாள். “அக்கா, ஒங்க வீட்ல என்ன சமையல்?”

“ஞாயித்துக்கிழம, வேற என்ன? கோழிதான்” என்றார் பாக்கியத்தக்கா. சொன்ன பிறகுதான் அவருக்கும் விளங்கியது. பந்தலுக்கு நடுவில் வந்து நின்றார். “எங்க வீட்ல கோழிக் கொழம்பு கொதிக்குது. சோறு நல்ல பொன்னி. கோழி திங்கிறவுக யாராவது இருந்தா எங்கூட வாங்க.”

பதினெட்டுக் கை உயர்ந்தது. பல்செட்டைக் கழற்றி வைத்த அம்மா இரண்டு கையையும் தூக்கினார்.

“எம்புட்டு நாளாச்சு தெரியுமா?” என்றார் சீனிச்சாமி, எழுந்துகொண்டே. “பொறந்தநாளு, நெனப்புநாளுன்னு வர்ற அம்புட்டுப் பேரும் சாம்பாரும் பாயாசமுமா ஊத்துறாக. நல்ல மனசுதான். என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக.”

டீச்சர் தலையை ஆட்டினார். நான் நாலு வாரம் நாலு கலரில் யோசித்திருந்தேன். அந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. சங்கரலிங்கம் அண்ணாச்சி, “கறி வேண்டாங்கிறவுக இங்கிட்டு வாங்க. எங்க வீட்ல இன்னைக்குப் புளிக்கொழம்பும் உருளைக்கெழங்கும்” என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டுக்கறி எடுத்த வீடு, மீன் வாங்கிய வீடு என்று ஆளுக்கு இரண்டு பேர், மூன்று பேராக அழைத்துப் போனார்கள். குருசாமி மாஸ்டர் பாயாசத்தை வாளியில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஊற்றினார். கால்மணி நேரத்தில் பந்தல் காலி.

எங்கள் வீட்டில் மட்டும் அன்றைக்குச் சமையல் இல்லை. பந்தலில் சாப்பிட்டுக்கொள்ளலாம், அடுப்பு மூட்டாதே என்று காலையில் உத்தரவு போட்டவன் நான். மாரீஸ்வரி ஒரு புது இலையை எடுத்து எனக்கு முன்னால் விரித்தாள். அண்டாவிலிருந்து வெட்டி வைத்தாள்.

“உக்காருங்க.”

“பசிக்கல மாரி.”

“எல்லாரும் சமம்னீகள்ல. சாப்பிடுங்க.”

சாப்பிட்டேன். இலை காலியாகும் வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பாக்கியத்தக்கா கொடுத்துவிட்ட கோழிக் குழம்பையும் பொன்னிச் சோற்றையும் எடுத்து வைத்து, என் கண் முன்னாலேயே சாப்பிட்டாள். அண்டாவில் மிஞ்சியதைத் தெருமுனையில் நின்ற மாட்டுக்குக் கொண்டுபோனேன். மாடு மோந்து பார்த்தது. என்னைப் பார்த்தது. வாலைச் சுழற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

சாயங்காலம் வேன் கிளம்பத் தாமதமாகிவிட்டது. இரண்டு பேர் அண்ணாச்சி வீட்டுக் கட்டிலில் தூங்கிப்போயிருந்தார்கள். ஒருவருக்குச் சட்டையில் பித்தான் இல்லை என்று அண்ணாச்சி மிஷினில் உட்கார்ந்துவிட்டார். பல்செட் அம்மா பாக்கியத்தக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து கோழிக்குச் சீரகம் கூடிப்போய்விட்டது என்று விளக்கிக்கொண்டிருந்தார். தெருவில் யாரையும் மதிக்காத பாக்கியத்தக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேன் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார்.

“ஏலே முருகேசா, அந்தக் காலண்டர்ல எங்க போட்டாவப் போட்டுராத.”

“ஏங்க்கா? நீங்கதான மொதல்ல இருக்கீக?”

“அந்த மஞ்ச அரிசி எங்க வீட்டுது.”

அவர் போன கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தச் சிம் தட்டு கிடைக்குமா என்று கேட்டார்.

காலண்டர் வரவே இல்லை. கருணைப் பலகையைக் கழற்றி அண்ணாச்சி தையல் மிஷினுக்கு மேல் வெயில் மறைப்பாகக் கட்டிக்கொண்டார். ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வேன் எங்கள் தெருவுக்கு வருகிறது. முந்தின நாளே டீச்சர் போன் செய்து, யாருக்கு என்ன வேண்டும் என்று பாக்கியத்தக்காவிடம் சொல்லிவிடுவார். என்னிடம் சொல்வதில்லை.

தெருவில் எனக்குக் ‘கூட்டணி’ என்று பெயர் நிலைத்துவிட்டது. கொரியர்காரர் வந்து முருகேசன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வீட்டிலோ நான் எப்போது “எனக்கு ஒரு யோசனை” என்று ஆரம்பித்தாலும், மாரீஸ்வரி காய் நறுக்குவதை நிறுத்தாமல், “அதுல அரிசி உண்டா?” என்று கேட்பாள். காரியாபட்டியில் இருக்கிற என் மாமனார், வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், அதில் ஒன்றை இதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்.

போன மாதம் என் மகள் படிக்கிற பள்ளியில் பெற்றோர் கூட்டம். மகளுக்கு ஆறு வயது. மூன்று பேருமாகப் போயிருந்தோம். ஒரு ஆதரவற்றோர் விடுதிக்குத் துணி, நோட்டு எல்லாம் சேர்க்கிறோம், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற குணம் வருவதற்குப் புதுமையாக ஏதாவது செய்யலாம், யாருக்காவது யோசனை இருக்கிறதா என்று ஆசிரியை கேட்டார். எட்டு வருடம் அடக்கி வைத்திருந்த கை, என்னைக் கேட்காமலேயே பாதி உயர்ந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“மிஸ், எங்கப்பாகிட்ட யோசனை கேக்காதீக. மூட்ட தூக்கச் சொல்லுங்க. நல்லாத் தூக்குவாரு.”

மாரீஸ்வரி சுவரில் மாட்டியிருந்த இந்திய வரைபடத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாலு மூட்டை. இரண்டாவது மாடியிலிருந்து வேன் வரைக்கும்.